‘நாள் தள்ளிப் போயிருக்கா?’: தூக்க மாத்திரை தரும் முன் யாரும் கேட்காத கேள்வி

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு ‘மருந்து’ என்றால் இரண்டு அர்த்தம். மெடிக்கலில் வாங்குவதும் மருந்துதான், பயர் ஆபீஸில் கலப்பதும் மருந்துதான். இரண்டாவது மருந்துக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு வைக்கலாம், யார் கலக்கலாம் என்று எல்லாமே விதியாக எழுதப்பட்டிருக்கிறது. அது வெடித்தால் என்ன ஆகும் என்பதை 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பார்த்தோம். அந்தப் பட்டாசு ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இந்தக் கட்டுரை முதல் மருந்தைப் பற்றியது.

அச்சங்குளம் செய்தியை அப்போது ஃபாலோ செய்தவர்களுக்கு நினைவிருக்கும். எத்தனை பேர் இறந்தார்கள், யாருக்கு எத்தனை சதவீதம் தீக்காயம், நிவாரணம் எவ்வளவு. கணக்கு அதோடு முடிந்துவிட்டது. இப்படி ஒரு வெடிச்சத்தத்தைப் பக்கத்து ஷெட்டிலிருந்து கேட்டுவிட்டு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு திரும்பும் பெண்ணுக்கு அன்று ராத்திரி தூக்கம் வருமா, ஒரு மாதம் கழித்தாவது வருமா என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. தீக்காயத்துக்கு சதவீதம் உண்டு. தூக்கம் போனதற்கு இல்லை.

சரி, அந்தப் பெண் ‘தூக்கமே வரல, நெஞ்சு படபடன்னு அடிக்குது’ என்று சொன்னால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் ஒரு மாத்திரை. டாக்டர் எழுதித் தரலாம். அல்லது முன்பு யாருக்கோ எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி வாங்கலாம். அதுவும் இல்லையென்றால் மயினி வீட்டு டப்பாவில் மிச்சம் இருப்பதில் ரெண்டு. (எங்கள் வீட்டில் அந்த டப்பா ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. காலாவதி தேதி பார்த்து யாரும் எதையும் எடுத்ததில்லை.)

அவருக்கு வயது 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

இதில் பயப்பட என்ன இருக்கிறது?

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் நம் ஊரில் அதிகம் எழுதப்படுபவை ‘பென்சோடயசெபைன்’ வகை மாத்திரைகள். அல்பிரசோலம், டயசெபாம், குளோனாசிபாம், லோராசிபாம், நைட்ரசெபாம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கடையில் வேறு வேறு பிராண்ட் பெயரில் கிடைக்கும். ஸோல்பிடெம் வேறு குடும்பம், ஆனால் மூளையில் வேலை செய்யும் விதம் கிட்டத்தட்ட அதேதான். இவை எல்லாமே நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும். அம்மாவின் உடம்பு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வெளியேற்றிவிடும் மருந்தை, பிறந்த குழந்தையின் உடம்பு வெளியேற்ற இன்னும் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் ஆபத்துதானே என்று கேட்டால், ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஏன் என்று புரிய இரண்டு பழைய கதைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி தொடங்கி எதிரெதிராக முடிந்தவை.

முதல் கதை பலருக்குத் தெரியும். 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் ‘கான்டர்கன்’ என்ற பெயரில் ஒரு தூக்க மாத்திரை வந்தது. உள்ளே இருந்தது தாலிடோமைடு. சீட்டே தேவையில்லை, கடையில் கேட்டாலே கொடுத்தார்கள். ரொம்ப ரொம்பப் பாதுகாப்பானது என்று விளம்பரம். தூக்கத்துக்கு வந்த மாத்திரை மெல்ல மசக்கைக்கும் போனது. கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். கை கால் வளராத குழந்தைகள் பிறக்க ஆரம்பித்தன. 1961 நவம்பரில் ஜெர்மனியின் குழந்தைகள் நல மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் இதுதான் காரணம் என்று எச்சரித்த பிறகே அங்கே விற்பனை நின்றது. அதற்குள் உலகம் முழுக்க 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். தயாரித்த நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2012-ல்.

அமெரிக்காவில் அது விற்பனைக்கே வரவில்லை. காரணம், ஃபிரான்சஸ் கெல்சி என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி. ரிச்சர்ட்சன் மெரல் நிறுவனம் 1960-ல் அனுமதி கேட்டு விண்ணப்பித்தபோது, கொடுத்த ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்பினார். திரும்பத் திரும்ப நெருக்கினார்கள். திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டார். பெரிய கண்டுபிடிப்பு எதையும் அவர் செய்துவிடவில்லை. அவர் செய்தது கேள்வி கேட்டது மட்டும்தான்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. தாலிடோமைடு சிதைப்பது கரு உருவான 20-ம் நாளிலிருந்து சுமார் 36-ம் நாள் வரைக்குள். 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குக் கணக்குப் போட்டால், நாள் தள்ளிப்போன முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே அது முடிந்துவிடுகிறது. டெஸ்ட் கிட் வாங்கலாமா என்று யோசிக்கும் நேரம் அது.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ‘மூணு மாசம் முடியாம வெளியே சொல்லாதே, கண்ணு பட்டுடும்.’ கரு தங்குமோ தங்காதோ என்ற பயத்தில் வந்த வழக்கம், புரிகிறது. ஆனால் குழந்தையின் இதயம், கை கால், உதடு, அண்ணம் எல்லாம் உருவாவதும் அந்த மூணு மாசத்தில்தான். எதையும் விழுங்கும் முன் யோசிக்க வேண்டிய காலமும், யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாத காலமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. பயர் ஆபீஸில் வேலை பார்ப்பவருக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கும். மாசமா இருக்கிறது தெரிந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

பயத்துக்கும் ஒரு விலை உண்டு

இரண்டாவது கதை அதே ரிச்சர்ட்சன் மெரல் குழுமத்தின் இன்னொரு மாத்திரை. பெயர் பென்டெக்டின், மசக்கைக்கானது. டாக்ஸிலமைன் என்ற மருந்தும் வைட்டமின் பி6-ம் சேர்ந்தது. டாக்ஸிலமைன் லேசாகத் தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து வகை. தாலிடோமைடு பயம் மனதில் இருந்த காலம், அதனால் குறையுடன் குழந்தை பிறந்தபோது பலர் இந்த மாத்திரை மீது வழக்குப் போட்டார்கள். ஆய்வுகள் குற்றம் எதையும் காட்டவில்லை. இருந்தாலும் வழக்குச் செலவு தாங்காமல் 1983-ல் நிறுவனமே அதை அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. அதன் பிறகு குழந்தைகளின் பிறவிக் குறைபாடு குறைந்ததா? இல்லை. கடுமையான வாந்தியுடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கர்ப்பிணிகள்தான் அதிகமானார்கள். 30 வருடம் கழித்து, 2013-ல், அதே கூட்டு மருந்து வேறு பெயரில் அங்கே திரும்பி வந்தது. நம் ஊரில் இன்றும் மசக்கைக்கு டாக்டர்கள் சாதாரணமாக எழுதுவது இதைத்தான்.

பயமே இல்லாமல் விழுங்கியதும் தவறு, பயந்து தூக்கிப் போட்டதும் தவறு என்றால், பென்சோடயசெபைன் எந்தப் பக்கம்? நடுவில்.

1970-களில் வந்த சில ஆய்வுகள் முதல் மூன்று மாதத்தில் இவற்றைச் சாப்பிட்டால் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு வரலாம் என்று சந்தேகப்பட்டன. பெண்களைக் கர்ப்பத்திலிருந்தே தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. 2022-ல் தென் கொரியாவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. அதில் சுமார் 40,000 பெண்கள் முதல் மூன்று மாதத்தில் இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்கள். பிறவிக் குறைபாட்டு அபாயம் 9 சதவீதம் கூடியது, இதயக் குறைபாடு 15 சதவீதம் கூடியது. டோஸ் கூடக் கூட அபாயமும் கூடியது.

இந்த ‘9 சதவீதம்’ வாட்ஸ்அப்பில் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ‘100 குழந்தையில் 9 பேருக்குக் குறை’ என்று போகும். அது தப்பு. எந்த மாத்திரையும் சாப்பிடாத பெண்களிலும் 1,000 குழந்தைகளில் சுமார் 30 பேருக்கு ஏதோ ஒரு பிறவிக் குறைபாடு இருக்கும். அது 9 சதவீதம் கூடினால் 30 என்பது 33-ஐ நெருங்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்றில் ஒன்று நம் வீட்டுக் குழந்தையாக இருந்தால் ‘அவ்வளவுதான்’ என்று சொல்ல வாய் வராது என்பதும் உண்மை.

கருச்சிதைவு விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் கொஞ்சம் பலமானது. கனடாவின் கியூபெக்கில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், ஆரம்பக் கர்ப்பத்தில் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு 85 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. மாத்திரைதான் காரணமா, மாத்திரை தேவைப்படும் அளவுக்கு இருந்த பதற்றம் காரணமா என்பதை இந்த மாதிரி ஆய்வுகளால் முழுக்கப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் முயற்சி செய்வார்கள், கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

கடைசி மாதங்களில் வருவது வேறு பிரச்னை. அம்மா தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் குழந்தை துவண்டுபோய்ப் பிறக்கலாம். பால் குடிக்கச் சோம்பும், மூச்சு மந்தமாக இருக்கும், சூடு குறையும். சில குழந்தைகள் அதற்கு நேர்மாறாக ஓயாமல் அழும், நடுங்கும். மருந்து திடீரென்று நின்றுபோனதன் விளைவு அது. இவை பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. ஆனால் பிரசவம் பார்க்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மறைத்தால் அங்கேதான் சிக்கல்.

இப்போது இன்னொரு பெண்

இவர் உங்களில் ஒருவராக இருக்கலாம். சிவகாசியில் பிறந்து, சென்னை ஓஎம்ஆரில் வேலை. பேனிக் அட்டாக்குக்காக ஒரு வருடமாக தினமும் குளோனாசிபாம். காலை ஐந்து மணிக்கு டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு. உடனே போனில் தேடுகிறார், பயங்கரமான படங்கள் வருகின்றன. ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போடுகிறார்.

இதைச் செய்யாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்ட பென்சோடயசெபைனை ஒரே நாளில் நிறுத்தினால் பதற்றம் பல மடங்காகத் திரும்பும், தூக்கம் முழுக்கப் போகும், சிலருக்கு வலிப்பே வரும். கர்ப்பத்தில் வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் தன் உச்சபட்ச எச்சரிக்கையைப் போட்டபோது சொன்ன விஷயங்களில் இதுவும் ஒன்று: பழகிப்போனால் திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். எத்தனை வாரத்தில், எவ்வளவு எவ்வளவாக என்பதை உங்களுக்கு எழுதிக் கொடுத்த டாக்டரும் மகப்பேறு டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். அன்றைக்கே போன் போடுங்கள்.

‘கர்ப்பத்தில் மனசுக்கு மாத்திரை எதுவுமே வேண்டாம், தைரியமா இரு’ என்ற அறிவுரை எனக்குக் கோபம் வரவைப்பது. சிகிச்சை இல்லாத மனச்சோர்வுக்கும், குறைப்பிரசவம், குழந்தையின் எடைக்குறைவு இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. பக்கத்து கேரளாவில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ரகசியமாக ஆராயும் மகப்பேறு மருத்துவர்கள், தற்கொலையை ஒரு முக்கியக் காரணமாகவே பேசுகிறார்கள். பேச்சு சிகிச்சை முதலில், அது போதாவிட்டால் செர்ட்ராலின் மாதிரி கர்ப்பத்தில் அனுபவம் அதிகமுள்ள மருந்துகள், பென்சோடயசெபைன் தவிர்க்கவே முடியாவிட்டால் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு. பொதுவாக மருத்துவர்கள் யோசிக்கும் வரிசை இதுதான்.

தூக்கத்துக்கு மாத்திரை இல்லாத வழிகள் என்று எல்லா இணையதளமும் ஒரு பட்டியல் தரும். அறையை இருட்டாகவும் குளுமையாகவும் வையுங்கள், படுக்கையறையைத் தூங்க மட்டும் பயன்படுத்துங்கள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீட்டில் மே மாதம் சாத்தூரில் இருந்துகொண்டு இதைப் படித்துப் பாருங்கள், சிரிப்பு வரும். ஆனால் தூக்கமின்மைக்கான முறையான பேச்சு சிகிச்சை என்று ஒன்று உண்டு. சில வாரங்களில் பலன் தருவது. அதைச் சொல்லித்தர ஆள் வேண்டும், அந்த ஆள் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். பிரச்னை அங்கே இருக்கிறது.

சரி, யார் கேட்க வேண்டும்?

அச்சங்குளம் மாதிரியான விபத்துகளுக்குப் பிறகு என்ன செய்யக் கூடாது என்பதை உலக சுகாதார அமைப்பு 2013-லேயே எழுதி வைத்துவிட்டது. பெரும் அதிர்ச்சிக்குப் பிறகான முதல் மாதத்தில் பெரியவர்களுக்குப் பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ பென்சோடயசெபைன் கொடுக்காதீர்கள் என்கிறது அந்த வழிகாட்டி. கர்ப்பிணிகளுக்கு மட்டும் சொன்னது இல்லை, எல்லோருக்கும்தான். ஏறத்தாழ ஆண்டுதோறும் வெடிவிபத்துச் செய்தி வரும் மாவட்டம் இது. இந்த ஒரு வரியை இங்குள்ள ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒட்டி வைக்கலாம்.

அடுத்தது மெடிக்கல். அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், ஸோல்பிடெம் எல்லாம் ‘எச்1’ என்ற அட்டவணையில் வருபவை. 2014 மார்ச் முதல் இந்த விதி அமலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதிய டாக்டர் யார், நோயாளி யார், எந்த மருந்து, எத்தனை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்த ரிஜிஸ்டரில் கர்ப்பமா இல்லையா என்று எழுத ஒரு காலம் இல்லை.

இருந்தாலும் கேட்பது அவ்வளவு சுலபமா? மாத்திரை வாங்க வருவது பல நேரம் அந்தப் பெண்ணே இல்லை. கணவர் வருவார், அல்லது ஸ்கூல் படிக்கும் பையன் சீட்டோடு வருவான். கடை அண்ணாச்சி அந்தப் பையனிடம் ‘உங்க அம்மாவுக்கு நாள் தள்ளிப் போயிருக்காடா’ என்று கேட்க முடியாது. அந்தப் பெண்ணே வந்தாலும் நாலு பேர் நிற்கும் கடையில் எப்படிச் சொல்வார்? அதனால் கவுன்ட்டரில் கேட்பதைக் கடைசி வேலியாகத்தான் வைக்க முடியும். ‘மாசமா இருந்தாலோ, இருக்கலாம்னு சந்தேகம் இருந்தாலோ சாப்பிடும் முன் டாக்டரிடம் கேளுங்கள்’ என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர் கவரில் ஒட்டிக் கொடுத்தால்கூடப் போதும். எந்த வெட்கமும் இல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

முதல் வேலி டாக்டரின் அறை. கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள் என்ற கேள்வியை ஸ்கேனுக்கும் எக்ஸ்ரேவுக்கும் முன்னால் கேட்கப் பழகிவிட்டோம். தூக்க மாத்திரை எழுதும் முன்னால் கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. சில இடங்களில் ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று கேட்டு, இல்லை என்றால் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அதுவும் சரியான கேள்வி இல்லை. மூன்று மாசத்தில் பிள்ளைக்குத் திட்டமிடுகிறீர்களா என்றும் கேட்கலாம், மாத்திரையைக் குறைத்து நிறுத்த அவகாசம் கிடைக்கும்.

கேள்வி கேட்டால் நடைமுறை மாறும் என்பதற்கு மகப்பேறு வார்டிலேயே உதாரணம் இருக்கிறது. பேறுகால ஜன்னிக்கு ஒரு காலத்தில் டயசெபாம் ஊசிதான் பல இடங்களில் போட்டார்கள். 1995-ல் இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்த ஆய்வு அதை மெக்னீசியம் சல்பேட்டோடு ஒப்பிட்டது. டயசெபாமைவிட மெக்னீசியம் சல்பேட் போட்டவர்களுக்குத் திரும்ப ஜன்னி வருவது பாதிக்குப் பாதி குறைந்தது. இன்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸுக்கே அதன் முதல் டோஸைப் போடப் பயிற்சி உண்டு. ஆஸ்பத்திரிக்குள் மயக்க மருந்தோ அவசர ஊசியோ போட நேர்ந்தால் அதற்குப் பயப்படத் தேவையில்லை. அங்கே கண்காணிக்க ஆள் இருக்கிறது.

நம் மாநிலத்தில் கர்ப்பிணியைத் தேடி வீட்டுக்கே வரும் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். கர்ப்பம் பதிவானதும் பிக்மி எண் கிடைக்கிறது, ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்க்கப்படுகின்றன. அந்த வரிசையில் ‘ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு, தூக்கத்துக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?’ என்ற கேள்வியைச் சேர்க்கப் புதுக் கட்டடம் வேண்டாம். விருதுநகருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. பட்டாசு ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு அங்கிருந்து மாதம் ஒரு நாள் மனநல முகாம் நடத்துவது பெரிய செலவும் இல்லை.

நீங்கள் இதை ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பதற்றத்தோடு படிக்கிறீர்கள் என்றால்: ஒன்றிரண்டு மாத்திரைக்காகக் கருவைக் கலைக்க வேண்டுமா என்று யோசிக்கத் தேவையில்லை. பெயரையும், எத்தனை சாப்பிட்டீர்கள், எந்தத் தேதியில் என்பதையும் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்ட்ரிப்பையே எடுத்துப் போனால் இன்னும் நல்லது. ராத்திரி நேரம், பக்கத்தில் பேச ஆளில்லை என்றால் மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416, தமிழ்நாடு அரசின் எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம். பேசும்போது முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: ‘எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு.’